கட்டுரைக்குக் கீழே ஒரு சுட்டி: கொஞ்சம் வரலாறு

சொந்தமா டொமைன் வாங்கி புதுசா தளம் ஆரம்பிக்கிற நண்பர்கள் எல்லாரும் கேட்கிற கேள்வி ஒண்ணு இருக்கு. "வேற தளத்துக்குக் கட்டுரை எழுதிக் கொடுத்து, கீழே 'எழுதியவர் பற்றி'ன்னு வர்ற குறிப்புல என் தளத்துக்கு ஒரு சுட்டி வச்சா கூகிள்ல மேல வருமா? இல்ல, இருக்கிற இடமும் போயிடுமா?"

தேடிப் பார்த்தா ரெண்டு பதிலும் கிடைக்கும். வேடிக்கை என்னன்னா, ரெண்டுமே உண்மை. ஆனா வேற வேற வருஷத்து உண்மை. அதனால வருஷத்தோடயே பார்த்துடுவோம்.

1998-ல் ஸ்டான்ஃபோர்டில் படிச்சிட்டிருந்த லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் பேஜ்ரேங்க் பத்தி எழுதினாங்க. அடிப்படை யோசனை ஆராய்ச்சி உலகத்துல ஏற்கெனவே இருந்ததுதான். ஒரு ஆய்வுக் கட்டுரையை எத்தனை பேர் மேற்கோள் காட்டுறாங்கன்னு எண்ணி அதோட மதிப்பைப் பார்க்கிற வழக்கம். யூஜின் கார்ஃபீல்ட் 1964-லயே அதுக்குன்னு ஒரு அட்டவணை வெளியிட்டிருந்தார். வலையில மேற்கோளுக்குப் பதிலா சுட்டி, அவ்வளவுதான். மதிப்புள்ள பக்கம் கொடுக்கிற சுட்டிக்கு மதிப்பு அதிகம். ஒரு பக்கத்துல சுட்டிகள் கூடக் கூட ஒவ்வொண்ணுக்கும் கிடைக்கிற பங்கு குறையும். சுட்டி இருக்கிற வார்த்தைகளையும் கூகிள் கவனிச்சது. அதுக்கு எவ்வளவு சக்தின்னு 2003-ல் ஊருக்கே தெரிஞ்சது. பல பேர் சேர்ந்து "படுதோல்வி"ன்னு பொருள் தர்ற ஆங்கிலச் சொற்களில் சுட்டி கொடுத்து, அந்தத் தேடலுக்கு ஜார்ஜ் புஷ்ஷோட பக்கத்தை முதல் இடத்துக்குக் கொண்டு வந்தாங்க.

இந்த ஏற்பாட்டுக்கு ஆதாரமா ஒரு நம்பிக்கை இருந்தது: சுட்டிங்கிறது இன்னொருத்தர் தர்ற சிபாரிசு. எழுதியவர் குறிப்புல வர்ற சுட்டி அப்படியா? நாமளே எழுதி நாமளே கையெழுத்துப் போடுற சிபாரிசுக் கடிதம் அது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு!

ஆனா அன்னிக்கு இந்த வித்தியாசம் கூகிளுக்கு அவ்வளவா தெரியலை. ஈசின்ஆர்ட்டிகிள்ஸ் மாதிரி கட்டுரைக் கிடங்குகள் வளர்ந்தது அதனாலதான். யார் வேணா கட்டுரை போடலாம், கீழே 'ரிசோர்ஸ் பாக்ஸ்'னு ஒரு பெட்டியில சுட்டி வச்சுக்கலாம். ஒரே கட்டுரையை வார்த்தை மாத்தி மாத்தி நூறு இடத்துல போட்டாங்க. பேர் இருக்க வேண்டிய இடத்துல "மலிவு விலை மெத்தை"ன்னு சுட்டி. அந்தக் காலத்துல இது வேலை செஞ்சது. "உதவும்"னு சொல்றவங்களோட பதில் இந்த வருஷங்களோடது.

2005 ஜனவரியில் கூகிள், யாஹூ, எம்எஸ்என் மூணும் சேர்ந்து 'நோஃபாலோ' கொண்டு வந்தாங்க. இந்தச் சுட்டிக்கு நான் சிபாரிசு இல்லைன்னு தளத்துக்காரர் சொல்ற குறி. மறுமொழிகள்ல கொட்டுற குப்பைக்காக வந்தது, பிறகு எழுதியவர் குறிப்புக்கும் பரவுச்சு.

2011 பிப்ரவரியில் பாண்டா. கட்டுரைக் கிடங்குகள் சரிஞ்சது. கூட்டம் அப்படியே விருந்தினர் கட்டுரை பக்கம் திரும்புச்சு. அடுத்து 2012 ஏப்ரல் 24, பெங்குவின். இது செயற்கைச் சுட்டிகளையே குறி வச்சது, மாட்டினா தளம் மொத்தமும் கீழே போகும். சுட்டிகளைச் சரி செஞ்சாலும் அடுத்த சுற்று ஓடுற வரைக்கும் காத்திருக்கணும். 2013 அக்டோபர் சுற்றுக்கு அடுத்தது 2014 அக்டோபரில்தான். அதுக்கடுத்தது 2016 செப்டம்பர். சின்ன கடைக்காரர் ஒருத்தரால ரெண்டு வருஷம் காத்திருக்க முடியுமா?

புதுத் தளத்துக்கு இது ஏன் கூடுதல் ஆபத்துன்னு யோசிங்க. பழைய தளத்துக்கு ஆயிரம் சுட்டி இருக்கும், அதுல இருபது குறிப்புச் சுட்டி கரைஞ்சு போயிடும். புதுத் தளத்துக்கு வந்ததே இருபதுதான், இருபதும் ஒரே வார்த்தையிலன்னா அல்காரிதம் கண்ணுல படாம இருக்குமா? "கெடுக்கும்"ங்கிற பதில் இந்த வருஷங்களோடது.

இதுக்கு நடுவுல ஒரு கூத்து. 2011 ஜூன்ல கூகிளே 'எழுதியவர் யாருன்னு குறிச்சு வைங்க'ன்னு சொல்லிச்சு. தேடல் முடிவுல நம்ம போட்டோ எல்லாம் வந்தது. 2014 ஆகஸ்ட்ல அதை மூடிட்டாங்க. அதே 2014 ஜனவரியில், குப்பைத் தடுப்புக் குழுவோட தலைவர் மேட் கட்ஸ், தேடல் இடத்துக்காக விருந்தினர் கட்டுரை எழுதுற காலம் முடிஞ்சதுன்னு எழுதினார். ரெண்டே மாசத்துல ஒரு பெரிய விருந்தினர் கட்டுரை வலையமைப்பு மேல நடவடிக்கை.

2016-ல் வந்த பெங்குவின் 4 முறையை மாத்திடுச்சு. மோசமான சுட்டிக்காகத் தளத்தையே தள்ளுறதுக்குப் பதிலா, பெரும்பாலும் அந்தச் சுட்டியைக் கணக்குல சேர்க்காம விட்டுடுது. 2019-ல் நோஃபாலோவும் கட்டளையா இல்லாம ஒரு குறிப்பு மட்டும்னு ஆயிடுச்சு. ஆக, இன்னிக்குப் பதில் மூணாவது: உங்க பேர்ல ஒண்ணு ரெண்டு குறிப்புச் சுட்டி இருந்தா கெடுதல் இல்லை, தேடல்ல பெரிய லாபத்தை எதிர்பார்க்கவும் வேண்டாம். காசு கொடுத்தோ, மொத்தமா கட்டுரை தள்ளியோ வாங்கினா கூகிள் ஆட்களே பார்த்து கை வைக்கிற தண்டனை இன்னும் இருக்கு.

என்னைக் கேட்டா, இந்தக் கதையில உண்மையான நஷ்டம் ரேங்க் இல்லைங்க. பெங்குவின் பயத்துல, "எங்களுக்குக் கொடுத்த சுட்டியை எடுத்துடுங்க"ன்னு ஊரெல்லாம் மடல் பறந்தது. பல பெரிய தளங்கள் வெளியே போற எல்லாச் சுட்டிக்கும் நோஃபாலோ போட்டுக்கிட்டாங்க. போலி சிபாரிசை ஒழிக்கப் போய், உண்மையான சிபாரிசு செய்யறவங்களும் கையைக் கட்டிக்கிட்டாங்க.

அதனால புதுசா வர்றவங்களுக்கு நான் சொல்றது: குறிப்புல உங்க பேரைப் போட்டு சுட்டி வைங்க, படிச்சவர் பிடிச்சிருந்தா வரட்டும். பழைய ஆட்களுக்கு ஒரு வேண்டுகோள்: புதுசா எழுதற ஒருத்தரோட பதிவு பிடிச்சிருந்தா, உங்க கட்டுரைக்கு நடுவுலயே, பயப்படாம, பேர் சொல்லி ஒரு சுட்டி கொடுங்க. 1998-ல் அந்த ரெண்டு பசங்க எண்ண ஆசைப்பட்டது அதைத்தான் :-)