குளிர்சாதனக் கம்ப்ரசர் எண்ணெய்: விற்பனைக் கூற்றுகளும் சோதனையும்

வீடு, கடை, கார் ஏர்கோன்களின் கம்ப்ரசருக்குள் ஊற்றப்படும் செயற்கை எண்ணெய்களையும் எண்ணெய்ச் சேர்க்கைகளையும் பற்றிய விற்பனைக் கூற்றுகளே இக்கட்டுரையின் பொருள். ஆண்டு முழுவதும் புழுக்கம் தணியாத கிள்ளான் பள்ளத்தாக்கில், மின்கட்டணத்தைக் குறைக்கும் என்ற சொல் எளிதில் விலைபோகும்.

கம்ப்ரசர் எண்ணெய் இஞ்சின் எண்ணெயைப் போல ஓரிடத்தில் தங்குவதில்லை. குளிர்பதன வாயுவோடு குழாய்களில் சுற்றி, கம்ப்ரசருக்கே திரும்ப வேண்டும். ஆகவே அந்த வாயுவோடு கலப்பதே அதற்கு முதல் தகுதி. ஆர்-12, ஆர்-22 காலத்தில் கனிம எண்ணெய் போதுமானதாக இருந்தது. ஓசோன் படலத்தைக் காக்க 1987இல் உருவான மொன்றியால் உடன்படிக்கையில் மலேசியா 1989இல் இணைந்தது. பழைய வாயுக்களின் இடத்துக்கு வந்த ஆர்-134ஏ, ஆர்-410ஏ, ஆர்-32 ஆகியவை கனிம எண்ணெயோடு சரிவரக் கலப்பதில்லை. அதனால் வீட்டு ஏர்கோன்களில் பிஓஇ எனப்படும் பாலியோல் எஸ்டரும், பிவிஇ எனப்படும் பாலிவினைல் ஈதரும், கார்களில் பிஏஜி எனப்படும் பாலிஆல்கிலீன் கிளைக்காலும் புழக்கத்துக்கு வந்தன.

செயற்கை எண்ணெய்க்கு மாறினால் ஏர்கோன் நீடித்து உழைக்கும் என்ற கூற்று இங்கேயே தளர்ந்துவிடுகிறது. ஆர்-32 ஏர்கோனில் ஆலையிலேயே ஊற்றி வருவது செயற்கை எண்ணெய்தான். ‘செயற்கை’ என்ற முத்திரை தனியே தரத்துக்குச் சான்றும் ஆகாது. இஞ்சின் எண்ணெய் தொடர்பாக மோபில் எழுப்பிய புகாரில், கச்சா எண்ணெயிலிருந்து உயர்முறையில் சுத்திகரித்த எண்ணெயையும் காஸ்ட்ரோல் ‘செயற்கை’ என்று விற்கலாம் என அமெரிக்க விளம்பரத் துறையின் தற்கட்டுப்பாட்டு அமைப்பு 1999இல் முடிவு செய்தது.

மின்சாரம் 20, 30 விழுக்காடு மிச்சமாகும் என்பது இதைவிடப் பெரிய கூற்று. கம்ப்ரசர் இழுக்கும் மின்சாரத்தில் பெரும்பங்கு வாயுவை அழுத்தவே செலவாகிறது; உராய்வில் போவது சிறு பங்கு. அந்த உராய்வை அடியோடு ஒழித்தாலும் 30 விழுக்காடு மிஞ்சாது. குழாய்ச் சுவரில் படிந்த எண்ணெய்ப் படலத்தை அகற்றுவதால்தான் மிச்சம் என்றும் சொல்லப்படுவதுண்டு. எண்ணெய் மிகுந்தால் வெப்பம் கடப்பது தடைப்படும் என்பது உண்மையே. ஆனால் அளவாக எண்ணெய் உள்ள, நன்றாக ஓடும் இயந்திரத்திலும் அப்படிப் படலம் தேங்குகிறது என்று காட்ட வேண்டியவர் விற்பவர்.

நேரில் செய்துகாட்டும் முறையைத்தான் மிகக் கவனமாகப் பார்க்க வேண்டும். பிரிக்பீல்ட்ஸ் கடைவீடு ஒன்றின் பின்சந்தில் மாட்டியிருக்கும் வெளி யூனிட்டை எடுத்துக்கொள்வோம். கம்பியைக் கவ்விய கிளாம்ப் மீட்டர் முதலில் 5.2 ஆம்பியர் காட்டுகிறது. காயிலைக் கழுவி, சேர்க்கையைச் செலுத்தி, ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 4.6. இதற்குள் காயிலின் அழுக்கு போயிருக்கும், மாலை மழை பெய்து வெளிச்சூடு தணிந்திருக்கும், அறையும் குளிர்ந்திருக்கும். ஒவ்வொன்றும் தனியாகவே ஆம்பியரை இறக்கும். இன்வெர்டர் வகையோ அறை குளிர்ந்ததும் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வாயு கசிந்து குறைந்தாலும் ஆம்பியர் இறங்கும், குளிரும் சேர்ந்தே குறையும். அதனால் இழுத்த மின்சாரத்தை மட்டும் அளந்து பயனில்லை, கிடைத்த குளிர்ச்சியையும் அளக்க வேண்டும். அதற்குச் சாதாரண வெப்பமானி போதாது. நம் ஊர்க் காற்றில் குளிர்ச்சியின் ஒரு பகுதி ஈரத்தை வடிக்கவே போகிறது. ஈரக்குமிழ் வெப்பநிலையும் கணக்கில் வர வேண்டும். உள்ளும் வெளியும் வெப்பநிலையை நிலைநிறுத்திச் செய்யும் ஐஎஸ்ஓ 5151 வகைச் சோதனை இதற்காகவே உள்ளது. விற்பவரிடம் கேட்க வேண்டியது அத்தகைய அறிக்கையையும், கம்ப்ரசர் தயாரிப்பாளரின் எழுத்துபூர்வ ஒப்புதலையும்தான். வாடிக்கையாளரின் பழைய மின்கட்டண ரசீதுகள் அவற்றுக்கு ஈடாகா.

சேர்க்கை பயனற்றுப் போவது ஒரு நட்டம், கேடு செய்வது வேறு. குளோரின் ஏற்றிய பாரஃபின் கலந்த சேர்க்கை சூட்டிலும் ஈரத்திலும் சிதைந்தால் அமிலம் உருவாகலாம். பிஓஇ ஈரத்தை உறிஞ்சி அமிலமாகச் சிதையக்கூடியது. பிவிஇயும் ஈரத்தை உறிஞ்சும், ஆனால் அவ்வாறு சிதைவதில்லை. மூடி திறந்தபடி பட்டறை மேசையில் கிடந்த டின்னில், எந்த முத்திரை இருந்தாலும், எண்ணெய் கெட்டிருக்கும். எண்ணெய், வாயு, உலோகம் மூன்றும் ஒத்துப்போகின்றனவா என்று அறிய அவற்றைக் கண்ணாடிக் குழாயில் அடைத்துச் சூடேற்றும் ஆஷ்ரே 97 முறை உண்டு.

ஹைபிரிட், மின்கார்களில் தவறுக்கு இடமே இல்லை. பல மாடல்களின் கம்ப்ரசர் மோட்டார் எண்ணெயிலேயே நனைந்து ஓடுகிறது. அதற்கு மின்காப்புத் திறன் மிகுந்த பிஓஇ தேவை. சிறிதளவு பிஏஜி கலந்தாலும் மின்காப்பு குறையும். எல்லா ஏர்கோனுக்கும் ஏற்றது என்று எழுதிய டின்னை இக்கார்களுக்கு அருகில் கொண்டுவரக் கூடாது.

பொய்யான விற்பனை விவரத்தை மலேசியாவின் 2011ஆம் ஆண்டு வணிக விவரிப்புச் சட்டம் தடைசெய்கிறது. புகாரை உள்நாட்டு வாணிப அமைச்சிடம் அளிக்கலாம். 50,000 ரிங்கிட் வரையிலான இழப்பீட்டுக் கோரிக்கையைப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குக் கொண்டுபோகலாம். வாய்மொழியாகச் சொன்ன மிச்சக் கணக்கை அங்கே நிலைநாட்டுவது கடினம். எண்ணெயின் வகை, பிசுக்குமை எண், ஊற்றிய அளவு, உறுதியளித்த விழுக்காடு நான்கையும் ரசீதிலேயே எழுதச் சொல்லி வாங்குவது நல்லது.