கெனாதி ரொஷ்தெஸ்த்வென்ஸ்கி

கெனாதி ரொஷ்தெஸ்த்வென்ஸ்கி (4 மே 1931 – 16 ஜூன் 2018) ரஷ்ய இசைக்குழு நடத்துநர். ஓபரா, பாலே, சிம்பொனி மூன்றிலும் அறுபது ஆண்டுகளுக்கு மேல் இயங்கியவர். சோவியத் ஆட்சி கிடப்பில் போட்ட இசையைத் தேடி எடுத்து, மீண்டும் காதில் விழச் செய்ததே அவருடைய பணிகளில் ஆகப் பெரியது.

மாஸ்கோவில் இசைக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை நிகொலாய் அனோசவ் நடத்துநர், தாய் நதாலியா ரொஷ்தெஸ்த்வென்ஸ்கயா பாடகி. மாஸ்கோ கன்சர்வேட்டரியில் தந்தையிடமே நடத்தும் கலையையும், லெவ் ஒபோரினிடம் பியானோவையும் கற்றார். அப்பாவின் செல்வாக்கால் வந்தவன் என்ற பேச்சு எழக்கூடாதென்று தாயின் குடும்பப் பெயரை ஏற்றுக்கொண்டார். இருபது வயதிலேயே போல்ஷோய் அரங்கில் சைக்கோவ்ஸ்கியின் பாலே ஒன்றை நடத்தினார். பத்தாண்டுகள் அங்கே துணை நடத்துநராக இருந்தவர், 1964 முதல் 1970 வரை அதன் தலைமை நடத்துநர். ஆங்கில இசையமைப்பாளர் பிரிட்டனின் ‘நடுவேனிற் கனவு’ ஓபராவை 1965இல் அங்கே அரங்கேற்றினார்.

பீடத்தின் மேல் நின்று நடத்துவது அவருக்குப் பிடிக்காது. கலைஞர்கள் நிற்கும் தரையிலேயே, நீண்ட கோலோடு நிற்பார். ஒத்திகையைக் குறைவாகவே வைப்பார். எல்லாவற்றையும் முன்கூட்டியே முடிவு செய்துவிட்டால் கச்சேரியில் உயிர் இராது என்பது அவர் எண்ணம். கண்ணசைவு ஒன்றிலேயே ஒரு வாத்தியத்தை உள்ளே அழைக்கும் அவரது லாவகத்தை ஒளிப்பதிவுகளில் இன்றும் காணலாம்.

சோவியத் இசையமைப்பாளர் ஷோஸ்தகோவிச்சின் ஓபரா ஒன்றைக் கட்சி நாளிதழான ‘பிராவ்தா’ 1936 ஜனவரியில் கடுமையாகத் தாக்கியது. அந்த ஆண்டு டிசம்பரில், ஒத்திகை நடந்துகொண்டிருந்தபோதே, ஷோஸ்தகோவிச் தம் நான்காம் சிம்பொனியைத் திரும்பப் பெற்றார். இருபத்தைந்து ஆண்டுகள் அது ஒலிக்கவில்லை. 1961 டிசம்பர் 30 அன்று மாஸ்கோவில் கிரில் கொந்த்ராஷின் அதை அரங்கேற்றினார். அடுத்த ஆண்டே எடின்பரோ விழாவில் லண்டன் பில்ஹார்மோனியா இசைக்குழுவைக் கொண்டு மேலைநாட்டுக்கு அதைக் கேட்கக் கொடுத்தவர் ரொஷ்தெஸ்த்வென்ஸ்கி.

‘மூக்கு’ ஓபராவின் கதை இதைவிட நீளமானது. எழுத்தாளர் கோகலின் கதையை வைத்து ஷோஸ்தகோவிச் இருபதுகளின் தொடக்க வயதில் எழுதியது. 1930இல் லெனின்கிராடில் மேடையேறி, விரைவிலேயே மறைந்துபோனது. ரொஷ்தெஸ்த்வென்ஸ்கி அதன் இசைப்பிரதியைப் போல்ஷோய் அரங்கிலேயே கண்டெடுத்தார். இயக்குநர் பரீஸ் பொக்ரோவ்ஸ்கியின் மாஸ்கோ சேம்பர் இசை நாடக அரங்கில், 1974இல், அது மீண்டும் உயிர்பெற்றது. உடல் நலிந்திருந்த ஷோஸ்தகோவிச் ஒத்திகைகளுக்கு வந்து அமர்ந்திருந்தார். மறு ஆண்டு ஆகஸ்டில் காலமானார். தம் இளமைக்கால ஓபராவைச் சொந்த நாட்டில் மறுபடி கேட்க ஓர் இசையமைப்பாளருக்கு நாற்பத்து நான்கு ஆண்டுகள் ஆயின. இன்னும் ஓராண்டு தாமதித்திருந்தால் அவர் கேட்டிருக்கவே மாட்டார்.

அதே 1974 பிப்ரவரியில், ரொஷ்தெஸ்த்வென்ஸ்கி அல்ஃபிரெட் ஷ்னீத்கெயின் முதல் சிம்பொனியை மாஸ்கோவில் அல்லாமல், வெளிநாட்டவர் நுழைய முடியாத கார்க்கி நகரில் அரங்கேற்றினார். கலைஞர்கள் ஒருவர் பின் ஒருவராக வாசித்தபடியே மேடைக்கு வருவார்கள். நடத்துநர் வந்த பிறகே அந்த இரைச்சல் அடங்கும். ஜாஸ் குழுவும் அதில் உண்டு. ஷ்னீத்கெ அந்தச் சிம்பொனியை அவருக்கே காணிக்கையாக்கினார்.

1961 முதல் தாம் வழிநடத்திய வானொலி, தொலைக்காட்சி இசைக்குழுவை விட்டு அவர் விலகியதும் 1974இல்தான். குழுவின் கலைஞர்களை வெளியேற்றச் சொல்லி மேலிடம் தலையிட்டதை அவர் ஏற்கவில்லை. பிறகு ஸ்டாக்ஹோம் பில்ஹார்மோனிக், பிபிசி சிம்பொனி இசைக்குழு (1978–81), வியன்னா சிம்பொனி இசைக்குழு (1980–82) ஆகியவற்றின் தலைமை நடத்துநரானார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அவருக்கென்றே சோவியத் பண்பாட்டு அமைச்சக சிம்பொனி இசைக்குழு உருவாயிற்று. ஷோஸ்தகோவிச்சின் 15 சிம்பொனிகளையும், புரூக்னரின் சிம்பொனிகளை அவற்றின் மாற்று வடிவங்களோடும் பதிவு செய்தார். கச்சேரிக்கு முன் ரசிகர்களிடம் அந்த இசையைப் பற்றிப் பேசுவது அவர் வழக்கம். யாரும் கேட்டிராத ஒன்றை வாசிக்கும்போது அந்தப் பேச்சு பெரிய உதவி. 1986இல் பெர்லினில் அரங்கேறிய சோபியா குபைதூலினாவின் சிம்பொனியில், இசைக்குழு முழுவதும் மௌனமாயிருக்க, நடத்துநரின் கைகள் மட்டும் அசையும் ஒரு பகுதி உண்டு. அது இவருக்காகவே எழுதப்பட்டது.

மனைவி விக்தோரியா பஸ்த்னிகவா பியானோ கலைஞர். மகன் சாஷா வயலின் கலைஞர். இருவரும் அவரோடு மேடையேறினர்.

2000இல் போல்ஷோயின் கலைத்துறைத் தலைவராகத் திரும்பினார். புரோகோஃபியெவின் ‘சூதாடி’ ஓபராவின் முதல் வடிவத்தை மேடையேற்றியபோது விமர்சகர்கள் கண்டித்தார்கள். 2001 ஜூனில் பதவி விலகினார். அந்த ஓபராவைப் பழைய வடிவத்தில் தேடி எடுத்ததில் அவருடைய வாழ்நாள் பழக்கமே தெரிகிறது. ஓராண்டுகூட நிறையாத அந்தப் பதவிக்காலத்தைத் தோல்வி என்று மட்டும் எழுதிவிடுவது நியாயமாகாது.

2012இல், எண்பது வயதுக்கு மேல், ‘மூக்கு’ உயிர்பெற்ற பொக்ரோவ்ஸ்கி அரங்கின் இசை இயக்குநரானார். 2018இல் அவர் மறைந்தார். அதே ஆண்டில் அந்தச் சிறு அரங்கு போல்ஷோயோடு இணைக்கப்பட்டு, அதன் சேம்பர் மேடையானது.