பாளையக்காரர் போரும் படைக்கலத் தடையும்

இன்று தொழிற்சாலைகள் நிறைந்து விளங்கும் பென்னலூர், திருப்பெரும்பூதூர் முதலிய ஊர்களுக்கு மேற்கே, காஞ்சிமாநகரை அடுத்த புள்ளலூரில் 1780 செப்டம்பர் 10ஆம் நாள் ஐதர் அலியின் படை, கும்பினியாரின் பெய்லி படைப்பிரிவை முறியடித்தது. இருதிறத்தும் தலைமை தெளிவாக இருந்தமையின், 1784இல் திப்பு சுல்தானுடன் செய்துகொண்ட மங்களூர் உடன்படிக்கையால் அப்போர் முடிவுற்றது. தென்பாண்டி நாட்டில் பின்னர் எழுந்த பாளையக்காரர் போரை அவ்வாறு முடித்தல் இயலவில்லை. அதன் காரணத்தை ஈண்டு ஆராய்வோம்.

மதுரை நாயக்கர் காலத்தில் எழுபத்திரண்டு பாளையங்கள் வகுக்கப்பெற்றன என்பது வழிவழி வரும் செய்தி. கோட்டையும் படையும் காவலுரிமையும் பாளையந்தோறும் தனித்தனியே இருந்தன. 1799 அக்டோபர் 16ஆம் நாள் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையும் இடிக்கப்பட்டது. ஆயினும் 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையினின்று தப்பிய ஊமைத்துரை, சில நாட்களில் அக்கோட்டையை மீண்டும் எழுப்பினார். மார்ச்சு இறுதியில் அதைத் தாக்கிய கும்பினிப்படை தோற்றது. மே 24இல் கோட்டை வீழ்ந்தபின் போர் சிவகங்கைக் காடுகளுக்கு மாறிற்று.

தலை பலவாதலே பாளையங்களின் வலிமை. அதுவே அவற்றின் மெலிவுமாம். எட்டயபுரமும் புதுக்கோட்டையும் கும்பினியார் பக்கம் நின்றன. பிரிந்தோரை ஒன்றுசேர்க்க மருது சகோதரர் முயன்ற திருச்சி அறிக்கை, 1801 சூன் 16ஆம் நாள், பாஞ்சாலங்குறிச்சி வீழ்ந்த பின்னரே வெளிவந்தது. அக்டோபர் 24ஆம் நாள் திருப்பத்தூரில் அவர்கள் தூக்கிலிடப்பட்டனர்.

கோட்டையை இடித்தலும் தலைவனைக் கொல்லுதலும் போதா என்பதைக் கும்பினியார் உணர்ந்தனர். 1799இலேயே பானர்மன் படைக்கலங்களை ஒப்படைக்க ஆணையிட்டார், பயன் நிலைக்கவில்லை. அப்பொழுது கும்பினியார் நவாபின் பெயரால் ஆண்டனர். 1801 சூலை 31ஆம் நாள் கருநாடக ஆட்சியைத் தாமே கைக்கொண்டனர்; டிசம்பர் 1ஆம் நாள் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவு படைக்கலத் தடையைப் பறைசாற்றினார். இவ்விரண்டையும் சேர்த்தே நோக்கல் வேண்டும்.

'கெரில்லா' என்னும் போர்ப்பெயர் 1808இல் தொடங்கிய இசுப்பானியப் போரால் உலகறிந்ததாயிற்று. வன்முறையுரிமையைத் தனக்கே கொள்வது அரசு என மாக்சு வேபர் உரைத்தது 1919இல். இவற்றுக்கு முன்னரே அவ்விரு பொருளும் நம் நாட்டில் எதிரெதிர் நின்றன. ஆதலின் இதனை வெறும் 'கலகம்' எனல் பொருந்தாது. படைக்கலம் ஏந்தும் உரிமை ஊர்களினின்று நீங்கி அரசினிடம் குவிந்த வரலாறு எனக் கோடலே பொருத்தமாம்.