தந்தச் செதுக்குக் கலை (பாண்டி நாடு)

யானைத் தந்தத்தை அறுத்து, உளியாலும் அரத்தாலும் உருவமும் அணிவேலையும் சமைக்கும் கலை. பாண்டி நாட்டில் சங்க காலம் தொட்டு நாயக்கர் காலம் வரை இதற்குச் சான்றுகள் உண்டு. இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவாரத்தில் இதன் வரலாற்றின் இரு முனைகளையும் காணலாம். கிழக்கே வெம்பக்கோட்டை மண்ணில் பழந்தந்தப் பொருள்கள் கிடைத்தன. மேற்கே மலைக்காட்டில் கொம்பன்கள் இன்றும் உலவுகின்றன.

மூலப்பொருள்: தந்தம் என்பது நீண்டு வளர்ந்த மேல்வரிசை வெட்டுப்பல். ஆசிய யானைகளில் ஆணுக்கு மட்டுமே பெருந்தந்தம் உண்டு. தந்தமில்லா ஆணை மக்னா என்பர். தந்தத்தின் அடிப்பகுதி உள்ளே குழிந்திருப்பதால் சிமிழுக்கு உதவும். நுனிப்பகுதி கெட்டியானது, உருவம் செதுக்க ஏற்றது. குறுக்கே அறுத்தால் ஒன்றையொன்று வெட்டும் மெல்லிய வரிகள் தெரியும். எலும்பிலிருந்து தந்தத்தைப் பிரித்தறிய இவ்வரிகளே அடையாளம்.

தொன்மை: வைப்பாற்றங்கரை வெம்பக்கோட்டையில் 2022இல் தொடங்கிய அகழாய்வில் சங்கு வளையல்களோடு தந்தப் பகடையும் வெளிப்பட்டது. நக்கீரரின் நெடுநல்வாடை பாண்டிமாதேவியின் கட்டிலை விரிவாக வருணிக்கிறது. போரில் மடிந்த நாற்பது வயது யானையின் தந்தத்தைப் பக்கங்களில் செதுக்கிச் சீராக்கி, கூரிய உளியால் இடையிடையே இலை வடிவம் பொறித்து அக்கட்டிலைச் சமைத்தனர் என்கிறது. தந்தம் எந்த யானையுடையது, அது எப்படி இறந்தது என்பதையும் சொல்லியே புலவர் கைவினையைப் போற்றுகிறார்.

நாயக்கர் காலம்: திருமலை நாயக்கர் (ஆட்சி 1623-1659) காலத்துக் கட்டடங்களில் ஸ்ரீவில்லிபுத்தூர் அரண்மனையும் ஒன்று. 17ஆம் நூற்றாண்டின் தந்த வேலைப்பாட்டுக்குச் சிறந்த சான்றுகள் திருவரங்கம் கோயில் அருங்காட்சியகத்தில் உள்ளன. நாயக்க மன்னர், தேவியர் உருவங்களைக் கல்லில் வடித்த அதே நிலையில் இங்கே தந்தத்திலும் காணலாம். அண்டை நாடுகளிலும் இக்கலை இருந்தது: இலங்கையில் கோட்டை அரசின் தந்தப் பேழைகள் 16ஆம் நூற்றாண்டிலேயே லிஸ்பனுக்குச் சென்றன. 1851 இலண்டன் பொருட்காட்சிக்குத் திருவிதாங்கூர் ஒரு தந்த அரியணையை அனுப்பியது.

கடலில் ஓர் இணை: 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் நான்டக்கெட், நியூ பெட்ஃபோர்டு துறைமுகங்களிலிருந்து திமிங்கில வேட்டைக்குச் சென்ற மாலுமிகள், ஓய்வு நேரத்தில் எண்ணெய்த் திமிங்கிலத்தின் பல்லில் கத்தியாலும் ஊசியாலும் படம் கீறி, கீறலில் புகைக்கரி தேய்த்தனர். இதுவே ஸ்கிரிம்ஷா. ‘சூசன்’ கப்பலில் ஃபிரெடெரிக் மைரிக் 1828-29இல் கீறிய பற்கள் புகழ்பெற்றவை. இங்கே அரண்மனைச் சிற்பி, அங்கே கப்பல் கூலியாள்; ஆனால் இரு கலைகளும் விலங்கின் உயிரைச் சார்ந்தவை. வணிகத் திமிங்கில வேட்டைக்கான உலகத் தடை 1986இல் நடைமுறைக்கு வந்தது.

வேட்டையும் தடையும்: தந்தத்துக்காகக் கொம்பன்களையே குறிவைத்ததால், ஸ்ரீவில்லிபுத்தூர்க் காட்டை ஒட்டிய பெரியாறு காட்டில் 1980களின் இறுதியில் வயதுவந்த ஓர் ஆணுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட பெண் யானைகள் என்னும் நிலை வந்தது. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் யானை 1977இல் முதல் அட்டவணைக்கு மாறியது. 1986 திருத்தம் இந்தியத் தந்த வணிகத்தையும், 1991 திருத்தம் ஆப்பிரிக்கத் தந்த வணிகத்தையும் தடுத்தன. செதுக்குவோர் பலர் மரத்துக்கு மாறினர். அவர்களின் பிழைப்பு இதில் அடிபட்டது உண்மை. ஆயினும் தடை இல்லையேல் கொம்பன்கள் மிஞ்சியிரா.

இன்றைய நிலை: ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல்நிற அணில் சரணாலயம் 1988இலும், யானைகள் காப்பகம் 2003இலும், ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம் 2021இலும் அமைந்தன. இராஜபாளையம், சேத்தூர் பகுதிகளில் மாந்தோப்பிலும் தென்னந்தோப்பிலும் யானைகள் இறங்குவதால் உழவருக்கு இழப்பு நேர்கிறது. காட்டில் இறந்த யானையின் தந்தம் அரசுச் சொத்து. அதை வனத்துறை கைப்பற்றும். பழஞ்சிற்பங்களை அருங்காட்சியகத்திலும் கொம்பன்களைக் காட்டிலும் காப்பதே இக்கலை மரபுக்கு இன்று செய்யத்தக்க தொண்டு.