மைனஸ் வி என்றால் என்ன? ஆப்ஷன்களை ஒழுங்காக எழுதி வைக்க முயன்ற 50 வருஷக் கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சற்றே திருத்தப்பட்டது.)

முதல்ல ஒரு சின்ன கேள்வி. டெர்மினல்ல ஒரு கமாண்டுக்கு மைனஸ் வி கொடுத்தா என்ன ஆகும்?

எந்தக் கமாண்ட் என்பதைப் பொறுத்தது. நோடுக்குக் கொடுத்தா வெர்ஷன் நம்பர் வரும். எஸ்எஸ்ஹெச்சுக்குக் கொடுத்தா, கனெக்‌ஷன் எங்கெங்க போய் என்ன பேசுதுன்னு வரி வரியா சொல்லும். கிரெப்புக்குக் கொடுத்தா, நீங்க தேடின சொல் இல்லாத வரிகளை மட்டும் காட்டும். ஒரே எழுத்து, மூணு வேலை.

இன்னொண்ணு. எஸ்எஸ்ஹெச்சுக்கு போர்ட் நம்பர் சொல்ல சின்ன பி. அதே குடும்பத்தைச் சேர்ந்த எஸ்சிபிக்கு கேப்பிட்டல் பி. ஏன்? எஸ்சிபி, பெர்க்லி யூனிக்ஸோட ஆர்சிபி என்ற பழைய கமாண்டோட வாரிசு. அங்கே சின்ன பி, ஃபைலோட நேரத்தையும் பர்மிஷனையும் அப்படியே வைன்னு சொல்றதுக்குப் போயாச்சு. எஸ்சிபி மேனுவலே இந்தக் காரணத்தை எழுதி வச்சிருக்கு.

அந்த வரியைக் கவனிங்க. ஆப்ஷனை மாத்த முடியல, அதனால காரணத்தை எழுதிட்டாங்க. இன்னைக்கு நாம பேசப்போற வரலாறு முழுக்க இதுதான் திரும்பத் திரும்ப நடக்குது.

கோடு வந்தது, வார்த்தை போனது

ஆப்ஷனுக்கு முன்னாடி அந்தச் சின்னக் கோடு எங்கிருந்து வந்தது? யூனிக்ஸுக்கு முன்னாடியே மல்டிக்ஸ்ல இருந்தது. மல்டிக்ஸ் 1960-கள்ல எம்ஐடி, ஜெனரல் எலக்ட்ரிக், பெல் லேப்ஸ் மூணும் சேர்ந்து ஆரம்பிச்ச ஒரு பெரிய ஆப்பரேட்டிங் சிஸ்டம். அங்கே ஆப்ஷன்கள் முழு வார்த்தைகள்: மைனஸ் லாங், மைனஸ் ப்ரீஃப். டைப் பண்ணச் சோம்பலா இருந்தா அதுக்குச் சுருக்கமும் உண்டு: எல்ஜி, பிஎஃப்.

1969-ல பெல் லேப்ஸ் அந்தத் திட்டத்தை விட்டு வெளியே வந்தது. கென் தாம்ப்ஸனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸை ஆரம்பிச்சாங்க. கோடு கூட வந்தது. முழு வார்த்தை வரல. அந்தக் காலத்து டெலிடைப் மாடல் 33 மெஷினை நினைச்சுப் பாருங்க. விநாடிக்கு 10 எழுத்து, அதுவும் காகிதத்துல அடிக்கணும். அந்த வேகத்துல ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு விலை இருந்தது. அதான் எல்எஸ், சிபி, எம்வி. அதான் ஒத்தை எழுத்து ஆப்ஷன்கள்.

1971: மேனுவலுக்கு ஒரு ஒழுங்கு

யூனிக்ஸோட முதல் மேனுவல்ல இருக்கிற தேதி 1971 நவம்பர் 3. எழுதினது தாம்ப்ஸனும் ரிட்சியும். எழுதியே ஆகணும்னு பிடிவாதம் பிடிச்சது அவங்க மேலாளர் டக் மெக்கில்ராய்.

அந்த மேனுவலைப் பார்த்தா இன்னைக்கு நாம பார்க்கிற மேன் பேஜ் மாதிரியே இருக்கும். ஒவ்வொரு கமாண்டுக்கும் ஒரே வரிசை: பெயர், எப்படிக் கூப்பிடணும், என்ன செய்யும், எந்த ஃபைல்களைத் தொடும், வேற எதைப் பார்க்கலாம். அதோட 'பக்ஸ்'னு ஒரு தலைப்பும். என் ப்ரோக்ராம்ல இன்னின்ன குறை இருக்குன்னு எழுதினவங்களே சொல்ற இடம் அது.

முதல் பதிப்புல எல்எஸ்ஸுக்கு இருந்தது அஞ்சே ஆப்ஷன். இன்னைக்கு க்னூ எல்எஸ்ஸுக்கு 50-க்கு மேல. ஆனா அந்தப் பக்கத்தோட அமைப்பு பெருசா மாறல. அதாவது, ஆப்ஷன்களை எங்கே போய்த் தேடணும் என்பதுல ஆரம்பத்துலேயே ஒழுங்கு வந்துடுச்சு. ஆப்ஷன்களுக்குள்ளதான் வரல.

ஆளுக்கு ஒரு வழக்கம்

ஏன் வரல? அந்த ஆப்ஷன்களைப் படிச்சுப் பிரிக்கிற வேலையை ஒவ்வொரு ப்ரோக்ராமும் தானே செஞ்சுக்கிச்சு. எழுதறவருக்கு எது தோணுச்சோ அதுதான் விதி.

டிடி கமாண்டைப் பாருங்க. கோடே கிடையாது. ஐஎஃப் ஈக்வல் டு இது, ஓஎஃப் ஈக்வல் டு அது. ஐபிஎம் மெயின்ஃபிரேம்ல ஜேசிஎல்னு ஒண்ணு இருக்கு, அதோட டிடி ஸ்டேட்மென்ட் வாடை அது. 1979-ல ஏழாவது பதிப்போட வந்த டார், எழுத்துக்களை மட்டும் கேட்டுச்சு, கோடு வேண்டாம். இன்னைக்கும் நாம எக்ஸ்விஎஃப்னு கோடில்லாம அடிக்கிறது அந்தப் பழக்கம்தான். ஃபைண்டுல கோடு ஒண்ணுதான், பின்னாடி வர்றது முழு வார்த்தை: மைனஸ் நேம்.

அப்புறம் யூனிக்ஸே ரெண்டாப் பிரிஞ்சது. ஒரு பக்கம் பெர்க்லி, இன்னொரு பக்கம் ஏடி அண்ட் டியோட சிஸ்டம் ஃபைவ். ஓடிட்டு இருக்கிற ப்ராசஸ்களைப் பார்க்க பெர்க்லி வழக்கத்துல 'பிஎஸ் ஏயூஎக்ஸ்', சிஸ்டம் ஃபைவ் வழக்கத்துல 'பிஎஸ் மைனஸ் ஈஎஃப்'. லினக்ஸ் ரெண்டையும் ஏத்துக்குது. அதனால ஒரு வேடிக்கை: ஏயூஎக்ஸுக்கு முன்னாடி ஒரு கோடு போட்டா, விதிப்படி அர்த்தமே வேற. எக்ஸ் என்ற பெயருள்ள யூசரோட ப்ராசஸ்களைக் காட்டுன்னு ஆயிடும். அப்படி ஒரு யூசர் இல்லைன்னா, பாவம் பழைய வழக்கத்தைத்தான் கேட்கிறார்னு பிஎஸ் ஊகம் பண்ணலாம்னு மேனுவல் சொல்லுது. அந்த ஊகத்தை நம்பாதீங்கன்னும் அதே இடத்துல எச்சரிக்குது.

1981 நவம்பர்ல டேட்டாமேஷன் பத்திரிகையில டொனால்ட் நார்மன் யூனிக்ஸைக் கடுமையா விமர்சிச்சு ஒரு கட்டுரை எழுதினார். இவர் மனித மனம் எப்படி வேலை செய்யுதுன்னு ஆராய்ற உளவியலாளர். கமாண்ட் பெயர்கள்லயும் ஆப்ஷன்கள்லயும் ஒரு சீரும் இல்ல, சாதாரண ஆளுக்கு இது கொடுமைன்னு வாதம். யூனிக்ஸ்காரங்க பலருக்கு அது பிடிக்கல. ஆனா கேள்வி நியாயமானது: பழகினவங்களுக்கு மட்டும் தெரிஞ்சா போதுமா?

விதிகள் வந்தன

1984-ல ஹெமன்வே, ஆர்மிட்டேஜ் ரெண்டு பேரும் யூனிக்ஸ் கமாண்டுகள் எப்படி எழுதப்படணும்னு ஒரு பொது முறையை முன்மொழிஞ்சாங்க. 1985-ல டல்லஸ்ல நடந்த யூனிஃபோரம் மாநாட்டுல ஏடி அண்ட் டி, கெட்ஆப்ட் என்ற ஃபங்ஷனோட சோர்ஸை எல்லாரும் எடுத்துக்கலாம்னு வெளியே விட்டது. ஆப்ஷன்களைப் பிரிக்கிற வேலையை இனிமே எல்லா ப்ரோக்ராமும் ஒரே மாதிரி செய்யலாம். 'விதியைப் படி'ன்னு சொல்றதை விட, விதிப்படி நடக்கிற கோடைக் கையில கொடுக்கிறது சுலபமா வேலை செஞ்சது.

1992-ல ஐஇஇஇ 1003.2 ஸ்டாண்டர்ட் வந்தது. போசிக்ஸோட ஷெல், கமாண்ட் பகுதி. ஆப்ஷன் ஒத்தை எழுத்தா இருக்கணும், கோடோட ஆரம்பிக்கணும், மதிப்பு கேட்காத ஆப்ஷன்களை ஒரே கோட்டுக்குப் பின்னாடி சேர்த்து எழுதலாம். இது மாதிரி விதிகள்.

அதுல ஒரு விதி உயிர் காக்கிற விதி. தனியா ரெண்டு கோடு வந்தா, அதுக்கப்புறம் எதுவும் ஆப்ஷன் கிடையாது. எதுக்கு இது? ஒரு டைரக்டரியில 'மைனஸ் ஆர்எஃப்' என்ற பெயர்லயே ஒரு ஃபைல் இருக்குன்னு வைங்க. அங்கே நின்னு ஆர்எம் ஸ்டார் அடிச்சா, ஷெல் அந்தப் பெயரையும் சேர்த்து ஆர்எம்மிடம் கொடுக்கும். ஆர்எம்முக்கு அது ஃபைல் பெயர்னு தெரியாது. ஆப்ஷன்னு எடுத்துக்கும். சப்-டைரக்டரிகளும் கேள்வி கேட்காம காலி. அந்த ரெண்டு கோட்டைப் பத்தி எழுதின ஒரு வரி தெரியாததால ஒருத்தரோட ஒரு வாரத்து வேலை போகலாம்.

எனக்குப் போசிக்ஸ்ல ரொம்பப் பிடிச்சது வேற. அதுல ஒவ்வொரு கமாண்டுக்கும் 'ஆப்ஷன்ஸ்'னு ஒரு தலைப்பு கட்டாயம். ஆப்ஷனே இல்லைன்னா 'எதுவும் இல்லை'ன்னு எழுதியிருக்கும். இருந்தா, இந்தக் கமாண்ட் பொது விதிகளுக்குக் கட்டுப்படும், இன்னின்ன விஷயத்துல தவிரன்னு முதல் வரியிலேயே சொல்லிடும். பழசைத் திருத்த முடியாத இடத்துல, விதிவிலக்கு எங்கே இருக்கும் என்பதை ஒரே இடத்துல வச்சாங்க.

திருத்தப் பார்த்தப்போ என்ன ஆச்சு? ரெண்டு உதாரணம்.

டார் நல்லதா, சிபிஐஓ நல்லதான்னு ஒரு சண்டை, 'டார் வார்ஸ்'னு கிண்டலா பெயரே வந்தது. சமாதானத்துக்காக போசிக்ஸ் பாக்ஸ்னு புதுசா ஒரு கமாண்ட் கொண்டுவந்தது. லத்தீன்ல பாக்ஸ்னா அமைதி. விதிகளுக்கு ஒத்துப்போற, ஒழுங்கான கமாண்ட். இன்னைக்கு நீங்க பாக்ஸ் அடிச்சிருக்கீங்களா? எல்லாரும் இன்னும் டார்தான்.

ரெண்டாவது, சார்ட். 'சார்ட் பிளஸ் 1'னு எழுதினா முதல் ஃபீல்டை விட்டுட்டு வரிசைப்படுத்தும். 2001 போசிக்ஸ் அந்தப் பழைய வடிவத்தை நீக்கிடுச்சு. க்னூ கோர்யூட்டில்ஸ் அதைப் பின்பற்றினப்போ பழைய ஸ்கிரிப்டுகள் உடைஞ்சது. 'பிளஸ் 1' என்ற ஃபைல் எங்கேன்னு கேட்க ஆரம்பிச்சது. கடைசியில, எந்த வருஷத்து போசிக்ஸ்படி நடக்கணும்னு சொல்றதுக்கே ஒரு என்வைரன்மென்ட் வேரியபிள் வைக்க வேண்டியதாச்சு.

திரும்ப வந்த வார்த்தைகள்

1983-ல ரிச்சர்ட் ஸ்டால்மன் அறிவிச்ச க்னூ திட்டம் வேற வழி எடுத்தது. ஒத்தை எழுத்தை அப்படியே விடு, பக்கத்துல முழு வார்த்தை ஒண்ணு வை. ரெண்டு கோடு போட்டு: மைனஸ் மைனஸ் வெர்போஸ். 1969-ல தொலைஞ்ச மல்டிக்ஸ் வழக்கம் இப்படித் திரும்பி வந்தது.

க்னூ கோடிங் ஸ்டாண்டர்ட்ஸ்ல ஒரு நீளமான பட்டியல் இருக்கு. க்னூ ப்ரோக்ராம்கள்ல இருக்கிற நீள ஆப்ஷன் பெயர்கள், எந்த ப்ரோக்ராம்ல எந்தச் சின்ன எழுத்துக்கு இணைன்னு. புதுசா டூல் எழுதறவர் அதைப் பார்த்துப் பெயர் வைக்கணும். வெர்போஸ் இருந்தா அது எங்கேயும் அதே எழுத்துக்கூட்டலோட இருக்கணும். ஹெல்ப்பும் வெர்ஷனும் எல்லாத்துலயும் இருக்கணும். ஒரு டூலை முதல் தடவையா தொடும்போது, மைனஸ் மைனஸ் ஹெல்ப்னு நீங்க யோசிக்காம அடிக்கிறது இந்த உழைப்போட பலன்.

அந்த ஹெல்ப் எல்லாத்துலயும் ஒரே அமைப்புல வந்ததால இன்னொரு லாபம். ஹெல்ப்டுமேன்னு ஒரு டூல், அந்த அவுட்புட்டைப் படிச்சு மேன் பேஜ் தயாரிக்கும். கோர்யூட்டில்ஸோட மேன் பேஜுகள் அப்படித்தான் வருது. ரெண்டு இடத்துல எழுதினா ஒரு இடம் பழசாப் போகும். ஒரு இடத்துல எழுதினா அந்தப் பிரச்சினை குறையும்.

ப்ரோக்ராமிங் டூல்கள் பக்கம் வந்தா சிக்கல் இன்னும் பெருசு, ஏன்னா அவை கூட்டமா வரும். எல்எல்விஎம்ல ரீட்ஆப்ஜ், ரீட்எல்ஃப் ரெண்டும் உண்மையில ஒரே ப்ரோக்ராம், பெயர் மட்டும் வேற. ஆனா ரொம்ப காலம், முதல் பெயர்ல கூப்பிட்டா மைனஸ் எஸ் செக்‌ஷன்களைக் காட்டும், ரெண்டாவது பெயர்ல கூப்பிட்டா சிம்பல்களைக் காட்டும். ஒண்ணு எல்எல்விஎம்மோட சொந்தப் பழக்கம், இன்னொண்ணு க்னூ ரீட்எல்ஃப் பழகினவங்களுக்குக் கொடுத்த வாக்கு. இதுக்கு ஒரே மேனுவல் எழுதினா ஒருத்தரை ஏமாத்தற மாதிரி ஆகும்.

கிட் எடுத்த வழி எனக்கு ரொம்ப நேர்மையாத் தெரியுது. 2022-ல அவங்க டெஸ்ட் தொகுப்புல ஒண்ணு சேர்ந்தது. ஒவ்வொரு சப்-கமாண்டும் மைனஸ் ஹெச் அடிச்சா காட்டுற வரியும், மேனுவல்ல இருக்கிற சினாப்ஸிஸும் ஒத்துப்போகுதான்னு அந்த டெஸ்ட் பார்க்கும். ஒத்துப்போகாத கமாண்டுகளை மறைக்கல. ஒரு ஃபைல்ல பட்டியல் போட்டு வச்சிருக்காங்க. புதுசா யாரும் அந்தப் பட்டியலை நீட்டாம இருந்தா, அது மெல்ல மெல்லச் சுருங்கும். 1971-ல 'பக்ஸ்' தலைப்பு செஞ்ச வேலையோட இன்றைய வடிவம்னே சொல்லலாம்.

நம்ம டூலுக்கு

இப்போ பைதான்ல ஆர்க்பார்ஸ் மாதிரி லைப்ரரிகள் இருக்கு. ஆப்ஷனை அறிவிக்கிற இடத்துலேயே ஹெல்ப் வரியும் எழுதலாம், மைனஸ் ஹெச் தானா வந்துடும். அதனால வேலை முடிஞ்சதுன்னு நினைக்கத் தோணும். ஆனா 'அவுட்புட்: அவுட்புட் ஃபைல்'னு எழுதின ஹெல்ப்பால யாருக்கு என்ன லாபம்? கொடுக்கலைன்னா எங்கே எழுதும், ஏற்கனவே ஃபைல் இருந்தா அழிக்குமா, ரெண்டு தடவை கொடுத்தா எது ஜெயிக்கும். ராத்திரி ரெண்டு மணிக்கு ப்ரொடக்‌ஷன்ல நிக்கிறவருக்கு வேண்டியது இதுதான். அதை எந்த லைப்ரரியும் தானா எழுதாது.

உங்க டீம்ல அஞ்சு சின்ன டூல் இருந்தா, இந்த வாரம் ஒண்ணு செஞ்சு பாருங்க. அஞ்சுக்கும் மைனஸ் மைனஸ் ஹெல்ப் அடிச்சு பக்கத்துல பக்கத்துல வைங்க. ஒரே விஷயத்துக்கு எத்தனை பெயர் இருக்குன்னு எண்ணுங்க. இன்னும் வெளியே போகாததை மாத்துங்க. வெளியே போய் ஒருத்தரோட ஸ்கிரிப்ட்ல உட்கார்ந்துட்டதை மாத்தாதீங்க. பக்கத்துல நல்ல பெயர் ஒண்ணு சேருங்க, பழையது ஏன் இருக்குன்னு ஒரு வரி எழுதுங்க. எஸ்சிபி மேனுவல்ல இருக்கிற அந்தக் கேப்பிட்டல் பி வரி மாதிரி.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.