காவல் தலைமையின் பயிற்சியும் தகவல் பரிமாற்றமும்: தூத்துக்குடி மாவட்டம் தரும் பாடங்கள்

காவல் துறைத் தலைமைக்கான தொழிற்பயிற்சி இந்தியாவில் பெரும்பாலும் தனி அலுவலரையே மையமாகக் கொண்டிருக்கிறது. சட்டம், புலனாய்வு, ஆயுதப் பயிற்சி, நிர்வாகம் ஆகியவற்றில் அவர் எவ்வளவு தேறினார் என்பதே அங்கு அளவுகோல். நெருக்கடி வரும்போது ஒரு மாவட்டக் காவல் துறை நிலைகுலையாமல் இயங்குவதோ, தன் மக்கள் மீதே திரும்பிவிடுவதோ, அலுவலர்களுக்கு இடையில் நடப்பதைப் பொறுத்தது. யார் யாரிடம் எதை எப்போது சொன்னார், கேட்டவர் என்ன செய்தார், சொல்ல வேண்டியதை விழுங்கிக்கொண்டவர் யார் என்ற கேள்விகளுக்குப் பயிற்சித் திட்டங்களில் உரிய இடம் இல்லை. தூத்துக்குடி மாவட்டத்தின் அண்மை வரலாறு இக்குறையை மிகுந்த வேதனையோடு வெளிப்படுத்துகிறது. 2018 மே 22 துப்பாக்கிச் சூட்டிலும், 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் நிகழ்ந்த காவல் மரணங்களிலும் விதிகள் எழுத்தில் தெளிவாகவே இருந்தன. பயிற்சி பெற்ற அலுவலர்களும் அங்கே இருந்தார்கள்.

பயிற்சியின் அமைப்பை முதலில் பார்க்க வேண்டும். இந்தியக் காவல் பணி அலுவலர்கள் ஐதராபாத்திலுள்ள சர்தார் வல்லபபாய் படேல் தேசியக் காவல் கழகத்தில் உருவாகிறார்கள். 1948இல் மவுண்ட் ஆபுவில் தொடங்கப்பட்ட நிறுவனம் அது. நேரடித் தேர்வில் வரும் துணைக் கண்காணிப்பாளர்களும் உதவி ஆய்வாளர்களும் வண்டலூரை அடுத்த ஊனமாஞ்சேரியிலுள்ள தமிழ்நாடு காவல் உயர் பயிற்சியகத்தில் பயில்கிறார்கள். காவலர்களுக்குப் பல மாவட்டங்களில் பயிற்சிப் பள்ளிகள் உண்டு; தூத்துக்குடி மாவட்டத்தில் பேரூரணிப் பள்ளி அப்படிப்பட்டது. இந்த மூன்று படிகளும் தனித்தனியே நடக்கின்றன. கலவரக் களத்தில் ஒரே நிமிடத்தில் ஒன்றாக முடிவெடுத்துச் செயல்பட வேண்டிய கண்காணிப்பாளர், ஆய்வாளர், காவலர் ஆகிய மூவரும் அதற்கு முன் ஒரே வகுப்பறையில் அமர்ந்ததே இல்லை. பணியிடைப் பயிற்சியும் பதவி வாரியாகவே பிரிக்கப்பட்டுள்ளது. காவல் பயிற்சியை ஆராய்ந்த கோரே குழு, கவாத்தையும் சட்ட மனப்பாடத்தையும் தாண்டி மனப்பாங்கையும் சமூக அறிவையும் வளர்க்க வேண்டும் என்று 1970களின் தொடக்கத்திலேயே வலியுறுத்தியது. அரை நூற்றாண்டு கடந்தும் அந்தப் பரிந்துரையின் தேவை குறையவில்லை.

மாவட்டத்துக்குள் தகவல் ஓடும் வழிகள் பல. காலை ரோல் கால், வயர்லெஸ் மைக், மாதாந்திரக் குற்ற ஆய்வுக் கூட்டம் ஆகியவை முறையான வழிகள். நிலையந்தோறும் உள்ள தனிப்பிரிவுக் காவலர் இன்னொரு வழி. அவர் ஆய்வாளரைத் தாண்டிக் கண்காணிப்பாளருக்கே செய்தி அனுப்பக் கடமைப்பட்டவர். இவற்றுள் குற்ற ஆய்வுக் கூட்டமே தலைமை அலுவலர்கள் ஒருவரை ஒருவர் நேரில் காணும் முக்கியமான இடம். அது நிலுவை வழக்குகளின் எண்ணிக்கையைக் கேட்கும் கூட்டமாகச் சுருங்கும்போது, கீழிருந்து மேலே போக வேண்டிய சங்கடமான செய்திக்கு அங்கே இடமில்லாமல் போகிறது.

மக்கள் பக்கத்திலும் வழிகள் இருக்கின்றன. முத்துக்குளித்துறை எனப்படும் இக்கடற்கரையில் இவை மிகப் பழையவை. போர்த்துகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என எந்த ஆட்சி வந்தாலும் பரதவர் சமூகத்தோடு பேச ஜாதித் தலைவர் என்ற பதவியையே நாடியது. முத்துக்குளிப்புக் காலத்தில் கடலோரத்தில் திரளும் பெருங்கூட்டத்தில் ஒழுங்கைக் காத்ததிலும் அந்த இடைநிலைத் தலைமைக்குப் பங்கு உண்டு. இன்று அந்த இடத்தில் ஊர்க் கமிட்டி, பங்குத்தந்தை, நாட்டுப்படகுச் சங்கம், விசைப்படகு உரிமையாளர் சங்கம், வியாபாரிகள் சங்கம் எனப் பலர் நிற்கிறார்கள். இவர்களுள் எவரும் மற்றவருக்காகப் பேச முடியாது. திரேஸ்புரத்து மீனவரின் மனநிலையை வியாபாரிகள் சங்கத்திடம் கேட்டு அறிய முடியாது என்பது கடற்கரையில் வளர்ந்த எவருக்கும் தெரியும். வெளியிலிருந்து மாற்றலாகி வரும் கண்காணிப்பாளருக்கு அதைக் கற்றுத்தரும் ஏற்பாடு எதுவும் பயிற்சியில் இல்லை.

2018இன் நிகழ்வுகளை இந்தப் பின்னணியில் வைத்துப் படிக்க வேண்டும். ஸ்டெர்லைட் தாமிர உருக்காலையின் விரிவாக்கத்தை எதிர்த்து அ. குமாரரெட்டியாபுரத்தில் பிப்ரவரியில் தொடங்கிய போராட்டத்தின் 100ஆம் நாள் மே 22. அன்று மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தை முற்றுகையிடப் போவதாக முன்பே அறிவிக்கப்பட்டிருந்தது. இரண்டு நாள் முன்னர் நடந்த சமாதானக் கூட்டத்தில் போராட்டக்காரர்களில் ஒரு பிரிவினர் பள்ளி மைதானம் ஒன்றில் கூடுவதற்கு ஒப்புக்கொண்டனர். மற்றவர்கள் அந்த உடன்பாட்டுக்குள் வரவில்லை. அதற்குப் பின் 144 தடை உத்தரவு சிப்காட், தென்பாகம் ஆகிய இரு காவல் நிலைய எல்லைகளுக்கு மட்டும் பிறப்பிக்கப்பட்டது. பல ஊர்களிலிருந்து கிளம்பத் தயாராக இருந்த மக்களிடம் இந்தச் செய்தி உரிய நேரத்தில் போய்ச் சேரும்படி செய்வதும் காவல் தலைமையின் வேலைதான். காலையில் பனிமய மாதா பேராலயத்தின் பக்கமிருந்தும் பிற இடங்களிலிருந்தும் பல்லாயிரம் பேர் ஆட்சியர் அலுவலகம் நோக்கி நடந்தார்கள். 22, 23 ஆகிய இரு நாட்களிலும் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தனர்.

சென்னை உயர் நீதிமன்றத்தின் ஓய்வு பெற்ற நீதிபதி அருணா ஜெகதீசன் தலைமையிலான விசாரணை ஆணையம் தன் இறுதி அறிக்கையை 2022 மே மாதம் அரசிடம் அளித்தது. அவ்வாண்டு அக்டோபர் 18 அன்று அது சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. ஓடிக்கொண்டிருந்தவர்கள் மீது எச்சரிக்கையின்றிச் சுடப்பட்டதாக ஆணையம் கண்டது. காவல் துறையினர் 17 பேர் மீது நடவடிக்கைக்குப் பரிந்துரைத்தது. உயிரிழப்பின் பொறுப்பு குறித்த இப்பகுதிகளே பரவலாகப் பேசப்பட்டன. காவல் பயிற்சியைப் பற்றிச் சிந்திப்பவருக்கு அந்த அறிக்கையின் இன்னொரு சரடு அதே அளவு முக்கியமானது. உளவுப் பிரிவின் முன்னெச்சரிக்கை வந்திருந்தும் அதற்கு உரிய எடை தரப்படவில்லை என்று ஆணையம் கூறியது. உயர் அலுவலர்களிடையே ஒருங்கிணைப்பே இல்லை என்றும் கண்டது. மண்டலக் காவல் துறைத் தலைவர் ஆட்சியர் அலுவலக வளாகத்தில் இருந்தும், அவர் அறியாமலே துணைத் தலைவர் நிலையில் சுடும் முடிவு செயல்படுத்தப்பட்டதாக அறிக்கை குறிப்பிடுகிறது. நிகழ்வுகளைத் தொலைக்காட்சி வழியேதான் அறிந்ததாக அன்றைய முதலமைச்சர் கூறியதை ஆணையம் ஏற்கவில்லை; சென்னையிலிருந்த உயர் அலுவலர்கள் அவருக்கு உடனுக்குடன் தகவல் தந்துகொண்டிருந்ததாக அது முடிவுசெய்தது.

இந்தக் கண்டறிதல்களைச் சேர்த்து வாசித்தால் ஒரு படம் தெளிகிறது. மாவட்டத்திலிருந்து 600 கிலோமீட்டர் தொலைவிலுள்ள தலைநகருக்குச் செய்தி தடையின்றிப் போனது. ஒரே சுற்றுச்சுவருக்குள் நின்ற இரு அலுவலர்களுக்கு இடையில் போகவில்லை. அதாவது வயர்லெஸ், தொலைபேசி போன்ற கருவிகளில் குறையில்லை. மேலிடத்துக்கு அறிக்கை தருவதே கடமை என்று பழக்கப்பட்ட துறையில், பக்கத்தில் இருப்பவரோடு கலந்து முடிவெடுப்பது ஒரு தொழில்திறனாகக் கற்பிக்கப்படவில்லை. களத்தில் கட்டளையிடும் பொறுப்பு யாருடையது என்பதை ஒவ்வொரு காவலரும் அறிந்திருக்க வேண்டும் என்ற ஆரம்ப விதி அன்று காக்கப்படவில்லை. துப்பாக்கிச் சூட்டுக்குப் பின் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையச் சேவை நிறுத்தப்பட்டதையும் இதோடு சேர்த்தே பார்க்க வேண்டும். வதந்தியைத் தடுப்பது என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். உறவினர் எந்த மருத்துவமனையில் இருக்கிறார் என்று தேடி அலைந்த குடும்பங்களுக்கு, நம்பத் தகுந்த அலுவலர் ஒருவர் முன்வந்து பேசாத நிலையில், அந்த மௌனம் காயத்தின் மேல் காயமாயிற்று.

சாத்தான்குளம் நிகழ்வில் தகவல் வேறு விதமாக முடக்கப்பட்டது. 2020 ஜூன் 19 அன்று ஊரடங்கு நேரத்தில் கடை திறந்திருந்ததாகக் கூறி ஜெயராஜ், பென்னிக்ஸ் என்ற தந்தையும் மகனும் நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். சுமார் 100 கிலோமீட்டர் தள்ளியுள்ள கோவில்பட்டிக் கிளைச் சிறைக்கு அனுப்பப்பட்ட அவர்கள் ஜூன் 22, 23 தேதிகளில் அடுத்தடுத்து உயிரிழந்தார்கள். அவர்கள் தரையில் உருண்டு புரண்டதால் உட்காயம் ஏற்பட்டதாக முதல் தகவல் அறிக்கை சொன்னது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. விசாரிக்கப் போன நீதித்துறை நடுவருக்கு நிலையத்தில் ஒத்துழைப்புக் கிடைக்கவில்லை. கண்காணிப்புக் கேமராவின் பதிவுகள் அன்றாடம் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததை அவர் கண்டார். காவல் நிலையமே வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரப்பட்ட அரிய நடவடிக்கை அதன்பின் வந்தது. உண்மையைச் சொல்ல முன்வந்தவர் அந்நிலையத்தின் பெண் தலைமைக் காவலர் ஒருவர். அவருக்குப் பாதுகாப்பு அளிக்க நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது.

கீழ்நிலை ஊழியர் ஒருவர் தன் துறைக்குள் பேச வழியின்றி, நடுவரிடம், அச்சத்தோடு பேச வேண்டியிருந்தது என்பதே காவல் தலைமைக்கு இந்நிகழ்வு விடுக்கும் கடுமையான குற்றச்சாட்டு. தனிப்பிரிவு என்ற நேர்வழி இருப்பதே இப்படிப்பட்ட தருணங்களுக்காகத்தான். நிலையத்துக்குள் நடப்பதை வெளியே சொல்பவர் துரோகி, மறைப்பவர் விசுவாசி என்ற எண்ணம் வேரூன்றிய இடத்தில் எந்த வழியும் பயன்படாது. அதே ஆண்டு டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லாக் காவல் நிலையங்களிலும் ஒலிப்பதிவோடு கூடிய கேமரா வேண்டும் என்றும், பதிவுகளை 18 மாதம், குறைந்தது ஓராண்டு, சேமிக்க வேண்டும் என்றும் ஆணையிட்டது. அது அவசியமான ஆணை. ஆனால் பதிவை யார் பார்ப்பார், பார்த்ததும் யாரிடம் சொல்வார் என்பதைப் பயிற்சிதான் தீர்மானிக்கும்.

சாத்தான்குளத்தின் விளைவுகளில் ஒன்று காவல் நண்பர்கள் இயக்கத்தின் தடை. 1993இல் பிரதீப் வி. பிலிப் ராமநாதபுரம் மாவட்டக் கண்காணிப்பாளராக இருந்தபோது தொடங்கியது அது. இதே மன்னார் வளைகுடாக் கரையில் காவலருக்கும் மக்களுக்கும் இடையே உரையாடலை ஏற்படுத்தப் பிறந்தது. கரோனா காலத்தில் காவல் நிலைய உதவியாட்களாக இயங்கிய இளைஞர்கள் மீது எழுந்த புகார்களால் 2020 ஜூலையில் தமிழக அரசு அதைத் தடைசெய்தது. தொண்டர்களைச் சேர்ப்பதில் காட்டிய அக்கறையை, அவர்களை வழிநடத்தும் ஆய்வாளர்களைப் பயிற்றுவிப்பதில் காட்டவில்லை என்றே கருத வேண்டியிருக்கிறது.

கடல் பக்கத்தில் சிக்கல் துறைகளுக்கு இடையிலானது. வ.உ.சி. துறைமுகத்துக்கு மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படை, ஆழ்கடலுக்குக் கடலோரக் காவல் படை, கரையோரத்துக்கு மாநிலக் கடலோரப் பாதுகாப்புக் குழுமம், இவற்றோடு சுங்கத் துறை, மாநிலக் காவல் துறையின் கியூ பிரிவு எனப் பொறுப்பு பகிர்ந்து கிடக்கிறது. 2013 அக்டோபரில் 'சீமேன் கார்டு ஓஹியோ' என்ற தனியார் பாதுகாப்புக் கப்பலைக் கடலோரக் காவல் படை தூத்துக்குடிக்குக் கொண்டுவந்தது. தருவைகுளம் கடலோரக் காவல் நிலையம் வழக்குப் பதிந்தது. கியூ பிரிவு புலனாய்வு செய்தது. கப்பலில் இருந்த 35 பேருக்கும் தூத்துக்குடி நீதிமன்றம் 2016 ஜனவரியில் ஐந்தாண்டுச் சிறை விதித்தது. 2017 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அவர்களை விடுவித்தது. கப்பல் எந்த எல்லைக்குள் நின்றது, ஏன் அங்கு வந்தது என்பவை வழக்கின் மையக் கேள்விகள். நடுக்கடலில் ஒரு துறை எழுதும் குறிப்பு, பல மாதம் கழித்து இன்னொரு துறையின் சாட்சியமாகிறது. எழுதுபவர் அதை அறிந்து எழுத வேண்டும். 'சாகர் கவச்' போன்ற கூட்டு ஒத்திகைகள் ஊடுருவலைப் பிடிப்பதைப் பயிற்றுவிக்கின்றன. பிடித்தபின் ஆவணத்தையும் பொறுப்பையும் கைமாற்றும் கட்டமும் ஒத்திகைக்குள் வர வேண்டும்.

இத்தகைய படிப்பினைகளைப் பயிற்சியாக மாற்றிய முன்மாதிரிகள் உலகில் உள்ளன. பிரிட்டனில் 1989 ஹில்ஸ்பரோ கால்பந்து மைதானப் பேரழிவில் உயிரிழந்தோர் 97 பேராயினர். காவலர்களின் 164 வாக்குமூலங்கள் திருத்தப்பட்டிருந்ததை 2012இல் சுயேச்சைக் குழு வெளிக்கொணர்ந்தது. சாத்தான்குளத்தில் கீழ்நிலையினரின் உண்மை அடைபட்டது போல, அங்கு அது மேலே போகும் வழியில் மாற்றப்பட்டது. அதே ஆண்டு அந்நாட்டில் காவல், தீயணைப்பு, மருத்துவ ஊர்தித் துறைகளுக்கான கூட்டுச் செயல்பாட்டுத் திட்டம் தொடங்கியது. களத்தலைவர்கள் ஒரே இடத்தில் நிற்க வேண்டும், எளிய சொற்களில் பேச வேண்டும், ஆபத்தைச் சேர்ந்து மதிப்பிட வேண்டும் என்பவை அதன் அடிப்படைகளில் சில. முதல் விதியே தூத்துக்குடி ஆட்சியர் அலுவலக வளாகத்துக்கு எழுதப்பட்டது போலிருக்கிறது.

தமிழ்நாட்டுக்குத் தேவையான பாடநூல்களை எங்கிருந்தும் இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. அருணா ஜெகதீசன் அறிக்கையும் சாத்தான்குளம் வழக்கில் உயர் நீதிமன்றம் பிறப்பித்த ஆணைகளும் ஊனமாஞ்சேரியிலும் பேரூரணியிலும் வரி வரியாகப் படிக்கப்பட வேண்டியவை. கண்காணிப்பாளர், ஆய்வாளர், காவலர் மூவரும் ஒன்றாக அமர்ந்து படிப்பதே அதில் முக்கியம். சுடும் உத்தரவு சட்டத்துக்குப் புறம்பானது என்று காவலருக்குத் தோன்றினால் அவர் என்ன சொல்ல வேண்டும், அதை அலுவலர் எப்படிக் கேட்க வேண்டும் என்பதை ஒத்திகை பார்க்காமல் எவரும் களத்தில் செய்துவிட மாட்டார்கள். பயிற்சி மொழி தமிழாக இருக்க வேண்டும். கண்காணிப்பாளர் மேலிடத்துக்கு ஆங்கிலத்தில் எழுதும் அறிக்கையையும் காவலர் மைக்கில் தமிழில் கேட்கும் கட்டளையையும் அருகருகே வைத்து ஒப்பிடும் பயிற்சியும் வேண்டும்.

இன்னொன்று பணிமாற்றம் பற்றியது. மாவட்டக் கண்காணிப்பாளருக்குக் குறைந்தது ஈராண்டுப் பணிக்காலம் வேண்டும் என்று பிரகாஷ் சிங் வழக்கில் 2006இலேயே உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. தூத்துக்குடியில் 2018இலும் 2020இலும் நெருக்கடி வந்தவுடன் கண்காணிப்பாளர் மாற்றப்பட்டார். அப்படி மாற்றுவது தவிர்க்க முடியாததாகவும் இருக்கலாம். ஆனால் போகிறவரின் அனுபவமும் அவரோடு போய்விடாதபடி எழுத்து வடிவிலான ஒப்படைப்புக் குறிப்பு ஒன்று கட்டாயமாக்கப்பட வேண்டும். வேம்பார் முதல் பெரியதாழை வரை ஊர்க் கமிட்டிகளில் யாருடைய சொல்லுக்கு மதிப்பு உண்டு, கடைசிச் சமாதானக் கூட்டத்தில் யார் அழைக்கப்பட்டார்கள், யார் விடுபட்டார்கள், கொடுத்த வாக்குகளில் எவை நிறைவேறின, எந்த நிலையத்தின் தனிப்பிரிவு நீண்ட நாட்களாக ஒன்றும் எழுதாமல் இருக்கிறது என்பவை அக்குறிப்பின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும். வருகிறவர் தம் முதல் குற்ற ஆய்வுக் கூட்டத்தை அந்தப் பக்கத்தைப் படித்துத் தொடங்கலாம். நிலுவை வழக்குகளின் எண்ணிக்கை அதற்குப் பிறகு வரட்டும்.