பின்கண்ணாடி யாருக்காக? விதி 100இன் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

கார்க் கண்ணாடியில் 'கூலிங் ஃபிலிம்' ஒட்டலாமா என்ற வினா கேரளத்தில் பல ஆண்டுகளாக ஓயாமல் எழுந்து வருகிறது. ஒரு சாரார் குற்றத் தடுப்பைப் பேசுகின்றனர். மறு சாரார் வெயிலையும் தனியுரிமையையும் பேசுகின்றனர். இவ்விரு தரப்பாரும் பொருட்படுத்தாத மூன்றாவது ஒன்று, விதியின் வாசகத்திலேயே இருக்கிறது. அது ஓட்டுநரின் பார்வை. அது விவாதத்திலிருந்து எவ்வாறு நழுவியது என்பதைக் காண, விதியின் வரலாற்றோடு பின்கண்ணாடி என்னும் பொருளின் வரலாற்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

1.7.1989 அன்று நடைமுறைக்கு வந்த மத்திய மோட்டார் வாகன விதிகளில் 100ஆம் விதி கண்ணாடியைப் பற்றியது. முன்கண்ணாடியும் பின்கண்ணாடியும் குறைந்தது 70 விழுக்காடு ஒளியை ஊடுருவ விட வேண்டும். பக்கவாட்டுச் சன்னல்கள் 50 விழுக்காடு விட்டால் போதும். கண்ணாடி அவ்வாறு அமைந்தால் மட்டும் போதாது, அந்நிலையிலேயே பேணப்படவும் வேண்டும் என்கிறது விதி.

இந்த இரண்டு எண்களையும் ஒப்பிட்டு நோக்குக. வண்டிக்குள் நடப்பதை வெளியிலிருப்போர் காண வேண்டும் என்பது நோக்கமாயின், பக்கவாட்டுக் கண்ணாடிகளுக்கே கூடுதல் தெளிவு கோரப்பட்டிருக்க வேண்டும். சாலையோரத்தில் நிற்கும் காவலர் நோக்குவது அவற்றின் வழியேதான். விதியோ அவற்றுக்குக் குறைந்த அளவை வைத்து, பின்கண்ணாடியை முன்கண்ணாடியோடு ஒரே வரிசையில் நிறுத்துகிறது. ஆகவே, உள்ளிருந்து வெளியே பார்க்கும் ஓட்டுநரின் கண்ணே 1989ஆம் ஆண்டு விதிக்கு அளவுகோல் எனக் கொள்வது பொருந்தும்.

அவிஷேக் கோயங்கா தொடுத்த பொதுநல வழக்கில் 27.4.2012 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இந்தக் கண்ணோட்டத்தை மாற்றியது. தலைமை நீதிபதி எஸ்.எச். கபாடியா, நீதிபதிகள் ஏ.கே. பட்நாயக், சுவதந்தர் குமார் ஆகியோர் அடங்கிய அமர்வு, எந்த விழுக்காட்டுப் படலமாயினும் கண்ணாடியில் ஒட்டுதல் கூடாது என்றது, 4.5.2012 முதல் தடை நடைமுறைக்கு வந்தது. தயாரிப்பிலேயே நிறமூட்டிய கண்ணாடிக்கு உரிய அளவுக்குள் தடையில்லை. பின்னர் ஒட்டப்படும் படலத்திற்கே தடை. விபத்தும் எடுத்துரைக்கப்பட்டதாயினும், வாதத்தின் எடை முழுவதும் குற்றத்தின் பக்கமே சாய்ந்தது. உள்ளிருந்து வெளியே பார்ப்பதற்கென எழுந்த விதி, வெளியிலிருந்து உள்ளே பார்ப்பதற்கான கருவியாயிற்று. படல உற்பத்தியாளர்கள் திருத்தம் வேண்டியதை அதே ஆண்டு ஆகஸ்டில் நீதிமன்றம் ஏற்கவில்லை. நாடெங்கும் சாலையோரங்களிலேயே படலங்கள் உரிக்கப்பட்டன.

உரித்தல் என்ற இந்தச் செயலில்தான் பொருளின் வரலாறு குறுக்கிடுகிறது. பல கார்களின் பின்கண்ணாடியில் மெல்லிய கிடைக்கோடுகள் ஓடுவதைக் காணலாம். அவை 'டிஃபாகர்' எனப்படும் வெப்பக் கம்பிகள். வெள்ளி கலந்த பசையைக் கண்ணாடியின் உட்புறத்தில் அச்சிட்டு, கண்ணாடியை வாட்டிப் பதப்படுத்தும்போதே அதையும் சுட்டுப் பதிக்கின்றனர். இரு ஓரப் பட்டைகளுக்கிடையே மின்சாரம் பாயும்போது கண்ணாடி இளஞ்சூடேறி ஈரத்தை நீக்குகிறது. முன்கண்ணாடிக்குக் கீழிருந்து காற்று வீசும் குழல் உண்டு. பின்கண்ணாடிக்குப் பெரும்பாலும் அது இல்லாமையால் இந்த ஏற்பாடு.

உறைபனி பெய்யும் நாடுகளில் வளர்ந்த இக்கருவிக்குத் திருவனந்தபுரத்தில் என்ன வேலை என்று தோன்றலாம். ஏறத்தாழ 8.5 பாகை வட அட்சத்தில் அமைந்த இந்நகருக்கு மேல் சூரியன் ஏப்ரலிலும் ஆகஸ்டு இறுதியிலுமாக ஆண்டுக்கு இருமுறை நேர் உச்சியில் வருகிறது. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளும் இங்கே பெய்கின்றன. வெயில் படலத்தைக் கேட்கிறது. மழை டிஃபாகரைக் கேட்கிறது. நனைந்த உடையோடு நால்வர் ஏறினால் கண்ணாடியின் உட்புறம் மங்கும். ஏசியால் கண்ணாடி குளிர்ந்தால், ஈரக்காற்று அதன் வெளிப்புறத்தில் படிந்து மங்கச் செய்யும். பனியை அறியாத ஊரில் பின்கண்ணாடி மங்குவதற்கு இவ்விரு வழிகள் உள்ளன.

படலமும் இந்தக் கம்பிகளும் கண்ணாடியின் ஒரே பக்கத்தில், உட்புறத்தில், அமைகின்றன. ஒட்டும்போது பெருந்தீங்கு இல்லை. கோடுகளின் ஓரமாகக் காற்றுக் குமிழிகள் நிற்கலாம். ஆண்டுகள் பல வெயிலில் காய்ந்த பின் உரிக்கும்போதுதான் சேதம். இறுகிய பசை படலத்தோடு வெள்ளிக் கோட்டையும் பெயர்த்து வரும். எஞ்சிய பசையைச் சுரண்டும் பிளேடு கோடுகளை அறுக்கும். ஒரு கோடு அறுந்தால் அந்த வரி மட்டும் மங்கலாகவே நிற்கும். ஓரப் பட்டையின் மின் இணைப்பு பெயர்ந்தால் முழுக் கண்ணாடியும் குளிர்ந்துவிடும். அறுந்த ஓரிரு கோடுகளை மின்கடத்தும் வெள்ளிப் பூச்சால் இணைக்கலாம். பல அறுந்துவிட்டால் கண்ணாடியையே மாற்ற வேண்டும். நீராவியால் பசையை இளக்கிப் பொறுமையாக உரிப்பதே முறை. சாலைச் சோதனையில் அதற்கு நேரமேது?

படலத்தை ஒட்டவும் நீக்கவும் கூடிய தனிப்பொருளாகவே சட்டம் கருதியது. உண்மையில் அது கண்ணாடியோடு கலந்துவிட்டிருந்தது. பின்பார்வைக்கென எழுந்த விதியை நிறைவேற்றும் செயலே பின்பார்வைக்கான கருவியைச் சிதைக்க நேர்ந்தது என்பது இவ்வரலாற்றின் முரண்.

அடுத்த காட்சி கேரளத்திற்கே உரியது. 2021 ஜனவரியில் மாநில மோட்டார் வாகனத் துறை 'ஆபரேஷன் ஸ்கிரீன்' என்ற பெயரில் படலங்களுக்கும் திரைச்சீலைகளுக்கும் எதிராகச் சோதனை தொடங்கியது. தலைநகரில் அமைச்சர்களின் கார்களிலும் திரை தொங்குவது பேசுபொருளாயிற்று. சில நாள்களிலேயே நடவடிக்கை நிறுத்தப்பட்டது. மூன்று மாதங்களுக்குள், 1.4.2021 முதல், திருத்தப்பட்ட 100ஆம் விதி நடைமுறைக்கு வந்தது. 'பாதுகாப்புக் கண்ணாடி' என்றிருந்த இடத்தில் 'சேஃப்டி கிளேஸிங்' என்ற விரிந்த சொல்லும் இடம்பெற்றது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 2019ஆம் ஆண்டுத் தரக்குறிப்பின்படி, உட்புறத்தில் பிளாஸ்டிக் முகப்பிட்ட கண்ணாடியும் இதில் அடங்கும்.

இந்தச் சொல்மாற்றத்தின் விளைவு 2024 செப்டம்பரில் வெளிப்பட்டது. 70, 50 என்ற அளவுகள் காக்கப்படுமாயின் படலம் ஒட்டியதற்காகத் தண்டம் விதித்தல் கூடாது எனக் கேரள உயர் நீதிமன்ற நீதிபதி என். நகரேஷ் தீர்ப்பளித்தார். உச்ச நீதிமன்றத் தீர்ப்பு திருத்தத்திற்கு முற்பட்ட விதியைப் பற்றியது என்பதும், பேணும் கடமை உரிமையாளருக்கும் உண்டு என்பதால் படலம் ஒட்டும் உரிமை தயாரிப்பாளருக்கு மட்டும் உரியதன்று என்பதும் அதன் அடிப்படைகள். 'பேணப்பட வேண்டும்' என்ற 1989ஆம் ஆண்டுச் சொல், 35 ஆண்டுகளுக்குப் பின் உரிமையாளருக்குத் துணை நின்றது.

ஆயினும் இத்தீர்ப்பை முழு அனுமதியாகப் படிப்பது பிழை. அளவு கண்ணாடியும் படலமும் சேர்ந்ததற்கு உரியது. கண்ணாடி 80 விழுக்காடு ஒளியை விடுமாயின், அதன்மேல் '70 விழுக்காட்டுப் படலம்' ஒட்டினால் மொத்தம் தோராயமாக 56 ஆகிறது. '50 விழுக்காட்டுப் படலம்' எனில் 40. பின்கண்ணாடி 70ஐ எட்டப் படலம் 87.5 விழுக்காடும், பக்கவாட்டுக் கண்ணாடி 50ஐ எட்டப் படலம் 62.5 விழுக்காடும் ஒளியை விட வேண்டும். கடையில் எழுதியிருக்கும் எண்ணும் விதியில் உள்ள எண்ணும் வெவ்வேறு. கட்புலனாகும் ஒளியை மட்டுமே விதி அளப்பதால், அகச்சிவப்புக் கதிரைத் தடுக்கும் ஏறத்தாழத் தெளிவான படலங்களுக்கு இடமுண்டு. வெயிலைத் தணிக்கக் கறுப்பு இன்றியமையாததன்று.

தொழில்நுட்ப வரலாறு பயிலும் மாணவர்களுக்கு இதில் ஒரு பாடம் இருப்பதாகக் கருதுகிறேன். தீர்ப்புகளை மட்டும் படித்தால் அரசுக்கும் குடிமகனுக்கும் இடையிலான வழக்காகவே இது தோன்றும். பின்கண்ணாடியைப் படித்தால் மூன்றாமவர் ஒருவர் தெரிவார். மழைபெய்யும் மாலையில், கிழக்கேகோட்டையை அடுத்த சாலைக் கம்போளத்தின் குறுகிய சந்தில் ஒரு கார் பின்னோக்கி வருகிறது. அதன் பின்னால் ஒருவர் குடையோடு நடந்து செல்கிறார். எந்த வழக்கிலும் அவர் மனுதாரர் அல்லர். 70 என்ற எண் முதன்மையாக அவருக்காக எழுதப்பட்டது.